கை முந்தியா, அறிவு முந்தியா

அன்புள்ள ஐயா,

திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையில் லேப் டெக்னீஷியனாக வேலை பார்க்கிறேன். டிப்ளமோ படித்தவன். சில மாதங்களாக நைட் ஷிஃப்ட் முடிந்து வந்ததும் தூக்கம் வரும்வரை தத்துவ உரைகள் கேட்கிறேன். இப்போது ஆதி கிரேக்கர்களில் நிற்கிறேன். எல்லாம் நீர் என்கிறார் தேலிஸ். இல்லை, காற்று என்கிறார் அனாக்சிமினிஸ். ஹெராக்ளிட்டஸ் நெருப்பு என்கிறார். மேலை அறிவியல் தொடங்கிய இடம் இதுதான் என்கிறார்கள். உண்மையைச் சொன்னால் எனக்குக் குழந்தைத்தனமாகத் தெரிகிறது. பிளஸ் டூ படித்த பையனுக்கு இதைவிட அதிகம் தெரியும்.

உரையில் பேராசிரியர் ஒருவர், வேலையெல்லாம் அடிமைகள் பார்த்துக்கொண்டதால் மற்றவர்களுக்கு ஓய்வு கிடைத்தது, ஓய்வு கிடைத்ததால்தான் அங்கே சிந்தனை பிறந்தது என்றார். கேட்டதும் மனசு விட்டுப்போனது. பன்னிரண்டு மணி நேரம் நின்று வேலை பார்க்கும் என்னைப் போன்ற ஆட்களுக்கு இதெல்லாம் எட்டாது என்றுதானே அர்த்தம்? எனக்குத் தெரிந்தது மூன்று சாயத்தை வைத்துக்கொண்டு பையர் கேட்கிற ஷேடைக் கொண்டுவருவது. அதற்கு ரெசிபி போடுவேன், அவ்வளவுதான்.

மூன்று கேள்விகள். இவர்களை எங்கிருந்து, எந்த வரிசையில் படிக்கலாம்? அணுக்கொள்கை நம் பழைய முனிவர் கணாதரிடமிருந்து கிரேக்கத்துக்குப் போனது என்கிறார்களே, உண்மையா? இந்தப் பழைய தவறுகளைப் படித்து இன்று என்ன பயன்?

அன்புடன்,
ம., திருப்பூர்

அன்புள்ள ம.,

இரண்டாவது கேள்வியை முதலில் தள்ளிவிடுகிறேன். அப்படிப் போனதற்குச் சான்று கிடையாது. இரண்டு ஊர்க்காரர்கள் தனித்தனியாக ஒரே மாதிரி யோசிக்கக் கூடாதா என்ன? யார் முந்தி என்ற பந்தயத்துக்கு நடுவராக எனக்கு விருப்பமில்லை. வாட்ஸப்பில் அதற்கு ஆள் நிறைய இருக்கிறார்கள். மூன்றாவது கேள்விக்கும் பதில் சொல்லப்போவதில்லை. பயனை எதிர்பார்த்து யாரும் நைட் ஷிஃப்ட் முடிந்து வந்து தத்துவம் கேட்பதில்லை. நீங்களும் அதற்காகக் கேட்கவில்லை என்று உங்களுக்கே தெரியும். முதல் கேள்விக்குப் பிறகு வருகிறேன், ஞாபகம் இருந்தால்.

உங்கள் கடிதம் வந்தபோது நான் அனக்சகோரஸைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். இன்றைய துருக்கியின் மேற்குக் கரையில் இருந்த கிளசோமெனே ஊர்க்காரர். ஏதென்ஸுக்கு வந்து அந்த ஊர்த் தலைவர் பெரிக்ளிஸுக்கு நெருக்கமாக இருந்தவர். சூரியன் தெய்வம் இல்லை, பழுக்கக் காய்ந்த கல், பெலோபொனீஸ் தீபகற்பத்தைவிடப் பெரிது என்று சொன்னார். தெய்வ நிந்தனை என்று வழக்குப் போட்டார்கள். ஊரை விட்டுக் கிளம்பி, லாம்ப்சகஸ் போய் அங்கேயே இறந்தார். சூரியனைப் பற்றி அவர் சொன்னதை எல்லோரும் சொல்வார்கள். எனக்குப் பிடித்தது வேறு ஒன்று. மற்ற உயிர்களைவிட மனிதன் அறிவாளியாக இருப்பதற்குக் காரணம் அவனுக்குக் கைகள் இருப்பதுதான் என்றார்.

இதை அவர் எழுத்திலிருந்து நாம் தெரிந்துகொள்ளவில்லை. மறுப்பதற்காக அரிஸ்டாட்டில் எடுத்துச் சொன்னதால் மிஞ்சியிருக்கிறது. விலங்குகளின் உறுப்புகளைப் பற்றிய நூலில் அரிஸ்டாட்டில் சொல்கிறார்: அனக்சகோரஸ் தலைகீழாகச் சொல்கிறார், மனிதன் அறிவாளி என்பதால்தான் இயற்கை அவனுக்குக் கையைக் கொடுத்தது. குழல் வாசிக்கத் தெரிந்தவனிடம் குழலைக் கொடுப்பதுதானே முறை, கையில் குழல் வைத்திருப்பவனுக்கு வாசிக்கும் திறமையைக் கொடுப்பதா முறை? கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் குழலே இல்லாத ஒருவன் குழல் வாசிக்கக் கற்றுக்கொண்டது எப்படி என்று அந்த மகான் சொல்லவில்லை.

அரிஸ்டாட்டில் மீது எனக்கு இருக்கும் மரியாதை இங்கே வருபவர்களுக்குத் தெரியும். இந்த ஒரு இடத்தில் மட்டும் எனக்கும் அவருக்கும் ஒத்துப்போவதில்லை. ஏனென்றால் உங்கள் பேராசிரியர் சொன்னது அவருடைய சொந்தச் சரக்கு அல்ல. அது அரிஸ்டாட்டிலின் மெட்டாஃபிசிக்ஸ் நூலில், முதல் அத்தியாயத்திலேயே இருக்கிறது. எகிப்தில் பூசாரிகளுக்கு ஓய்வு கிடைத்தது, அதனால் அங்கே கணிதம் பிறந்தது என்கிறார். அதே அத்தியாயத்தில் இன்னொன்றும் இருக்கிறது, அதை யாரும் உரையில் சொல்வதில்லை. கைவேலைக்காரர்கள் தாம் என்ன செய்கிறோம் என்று தெரியாமல், நெருப்பு எரிவதுபோல, வெறும் பழக்கத்தால் செய்கிறார்கள் என்கிறார். உங்களைத்தான் சொல்கிறார். நீங்களும் தலையாட்டிவிட்டு எனக்குக் கடிதம் எழுதியிருக்கிறீர்கள்.

அவருக்கு நூறு ஆண்டுக்கு முன் இருந்த வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் வேறு கதை சொல்கிறார். நைல் வெள்ளத்தில் ஒருவனுடைய நிலம் கரைந்துபோனால் அவன் அரசனிடம் போய்ச் சொல்வான், ஆட்கள் வந்து மிச்ச நிலத்தை அளப்பார்கள், அதற்கேற்ப வரியைக் குறைப்பார்கள், அங்கிருந்துதான் வடிவியல் வந்திருக்க வேண்டும், பிறகு கிரேக்கத்துக்கு வந்தது என்கிறார். ஒரே எகிப்துக்கு இரண்டு கிரேக்கர்கள் சொன்ன இரண்டு கதைகள். ஒன்றில் பூசாரி சும்மா இருக்கிறார். இன்னொன்றில் சேற்றில் நின்று கயிறு பிடிக்கிறார்கள். எதை நம்புவது என்பது நீங்கள் எந்தப் பக்கம் நிற்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

ஓய்வுதான் காரணம் என்றால் ஸ்பார்ட்டாவில் அல்லவா அறிவியல் பிறந்திருக்க வேண்டும்? கிரேக்க உலகத்திலேயே உழைக்காமல் உண்டவர்கள் அவர்கள்தான். உழுவது முதல் அறுப்பது வரை எல்லாவற்றையும் ஹெலாட்டுகள் என்ற அடிமைக் குடியானவர்கள் பார்த்துக்கொண்டார்கள். அந்த ஊரிலிருந்து இயற்கையை ஆராய்ந்தவர் என்று பேர் சொல்ல ஒருவர் வரவில்லை. நேரம் பார்க்க நிழல் விழும் கம்பை அங்கே நட்டுக் கொடுத்ததுகூட வெளியூர்க்காரரான அனாக்சிமாண்டர் என்று பழைய வாழ்க்கைக் குறிப்பு ஒன்று சொல்கிறது.

அந்த வெளியூர் எது என்று பாருங்கள். மிலேட்டஸ். தேலிஸ், அனாக்சிமாண்டர், அனாக்சிமினிஸ் மூன்று பேருக்கும் அதுதான் ஊர். நான்கு துறைமுகங்கள் கொண்ட வியாபார ஊர். கருங்கடல் கரை நெடுக அவர்களுடைய குடியேற்றங்கள், எகிப்தில் கடை. அந்த ஊர் எதற்குப் பேர்போனது தெரியுமா? கம்பளிக்கு. மிலேட்டஸ் கம்பளி என்றால் கிரேக்கம் முழுக்க ஒரு மதிப்பு. அரிஸ்டோஃபேனிஸின் நகைச்சுவை நாடகம் ஒன்றில் ஒரு பெண், வீட்டில் என் மிலேட்டஸ் கம்பளியைப் பூச்சி அரிக்கிறது, போய்ப் பிரித்துப் போட்டுவிட்டு வருகிறேன் என்று சாக்குச் சொல்லி நழுவப் பார்ப்பாள். துணியால் பிழைத்த ஊர், உங்கள் ஊரைப் போல. இப்போது மெயாண்டர் ஆறு வண்டலைக் கொட்டிக் கடலையே தூரத் தள்ளிவிட்டது. இடிபாடுகள் சமவெளியில் கிடக்கின்றன, அந்தச் சமவெளியில் பருத்தி விளைகிறது. அதே ஆற்றுப் படுகையில் மேலே போனால் துருக்கியின் டெனிஸ்லி என்ற ஊரில் துண்டும் படுக்கை விரிப்பும் நெய்து உலகத்துக்கு அனுப்புகிறார்கள். அங்கேயும் சாயத் தண்ணீர்ப் பிரச்சினை உண்டு. சரி, அது வேறு கதை.

இந்தக் கம்பளி ஊரில் உட்கார்ந்துகொண்டுதான் அனாக்சிமினிஸ், எல்லாம் காற்று என்றார். நீங்கள் குழந்தைத்தனம் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டீர்கள். அவர் காற்று என்று சொன்னதோடு நிறுத்தவில்லை, காற்று எப்படி மற்றதாக மாறுகிறது என்றும் சொன்னார். காற்று அமுங்கினால் மேகம், இன்னும் அமுங்கினால் நீர், இன்னும் அமுங்கினால் மண், கல். தளர்ந்தால் நெருப்பு. காற்று மேகமாவதைச் சொல்ல அவர் எடுத்துக்கொண்டது கம்பளி மயிரை நனைத்து, அமுக்கி, தடித்த துணியாக்கும் வேலையை. தெருவில் தினமும் பார்த்த வேலை அது.

அதோடு ஒரு சோதனையும் சொன்னார். இப்போதே செய்து பாருங்கள். உள்ளங்கையை வாய்க்கு நேராக வைத்து, வாயை அகலத் திறந்து ஹா என்று ஊதுங்கள். சூடாக இருக்கிறதா? இப்போது உதட்டைக் குவித்து ஊதுங்கள். குளிர்ச்சி. ஆகவே தளர்ந்த காற்று சூடு, அமுங்கிய காற்று குளிர் என்றார் அவர். முடிவு தவறுதான். குவித்து ஊதும்போது வேகமாகப் போகும் மூச்சு சுற்றியிருக்கும் காற்றையும் இழுத்துக்கொண்டு வருவதால் கையில் குளிர்கிறது. அது தெரிய வேறு பல விஷயங்கள் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் பிரபஞ்சம் எதனால் ஆனது என்ற கேள்விக்கு ஒருவர் தன் உள்ளங்கையில் சாட்சி தேடியிருக்கிறார். கனவில் தெய்வம் சொன்னது என்று சொல்லவில்லை, மூதாதையர் சொன்னது என்று சொல்லவில்லை. நீயே ஊதிப் பார் என்றார். உங்கள் பிளஸ் டூ பையனுக்கு ஹைட்ரஜன், ஆக்சிஜன் என்று சொல்லத் தெரியும். அதை அவன் எந்தக் கையால் சோதித்தான்? புத்தகத்தில் போட்டிருந்தது, எழுதி மார்க் வாங்கினான். இரண்டில் எது குழந்தைத்தனம்?

அனாக்சிமாண்டரையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். பூமி எதன்மீதும் தாங்கி நிற்கவில்லை, நடுவில் சும்மா நிற்கிறது, எந்தப் பக்கம் விழுவதற்கும் காரணம் இல்லாததால் விழாமல் இருக்கிறது என்றார். எவ்வளவு பெரிய துணிச்சல் என்று எல்லோரும் எழுதிவிட்டார்கள். பூமியின் வடிவத்துக்கு அவர் என்ன சொன்னார் என்பதைக் கவனியுங்கள். கோயில் தூணுக்கு ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவார்களே அந்தக் கல் உருளை. உயரம் ஒரு பங்கு, அகலம் மூன்று பங்கு. சூரியனும் சந்திரனும் நெருப்பு நிறைந்த சக்கரங்கள். அந்தக் காலத்தில் அக்கம்பக்கத்தில் சாமோஸிலும் எபெசஸிலும் பிரம்மாண்டமான கல் கோயில்கள் எழும்பிக்கொண்டிருந்தன. எபெசஸ் கோயிலுக்குத் தூண்களைக் கொண்டுபோக வண்டி தாங்காது என்று, செர்சிஃப்ரோன் என்ற கட்டடக் கலைஞர் தூணின் இரண்டு முனையிலும் இரும்பு அச்சைப் பதித்து ஈயம் ஊற்றி, மாடு பூட்டி, தூணையே உருட்டிக்கொண்டு போனதாக ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் எழுதியிருக்கிறார். அப்படிப்பட்ட வேலை நடந்த கரையில் வாழ்ந்தவர், வானத்தை யோசிக்கும்போது உருளையும் சக்கரமுமாக யோசித்தார். இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது?

இப்போது உங்களிடம் வருகிறேன். ரெசிபி போடுவேன், அவ்வளவுதான் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது, அதற்காகத்தான் இத்தனை நீளப் பதில்.

சிசிலியில் அக்ரகாஸ் என்ற ஊரில் எம்பிடோக்ளிஸ் இருந்தார், கி.மு. 5-ஆம் நூற்றாண்டு. நெருப்பு, காற்று, நீர், மண் என்று நான்கு வேர்கள், எல்லாம் அவற்றின் கலவை என்றவர். வெறும் நான்கிலிருந்து இத்தனை பொருட்கள் எப்படி வரும் என்று கேட்பார்கள் அல்லவா? அதற்கு அவர் ஓவியர்களைக் காட்டினார். ஓவியர்கள் பல நிறங்களை எடுத்து, ஒன்றில் கூட, ஒன்றில் குறைய என்று கலந்து, மரங்கள், ஆண்கள், பெண்கள், மிருகங்கள், பறவைகள், மீன்கள், தெய்வங்கள் எல்லாவற்றையும் உண்டாக்குகிறார்கள் இல்லையா, அதுபோலத்தான் என்றார். நிறத்தைக் கலக்கும் கையைப் பார்த்துக்கொண்டே உலகம் உண்டான விதத்தைச் சொல்கிறார்.

இத்தோடு விட்டிருந்தால் அது ஒரு நல்ல உவமை, அவ்வளவே. அவர் அளவும் சொன்னார். எலும்புக்கு மொத்தம் 8 பங்கு. அதில் நெருப்பு 4, நீர் 2, மிச்சம் மண். மண் தன் அகன்ற மூசைகளில் இவற்றை வாங்கிக்கொண்டது, வெள்ளை எலும்பு ஆனது என்று பாட்டாகவே எழுதியிருக்கிறார். மூசை என்பது உலோகம் உருக்கும் தட்டானுடைய மூசை. ரத்தத்துக்கும் சதைக்கும் நான்கும் ஏறக்குறைய சம பங்கு. எலும்புக்கும் சதைக்கும் வேறுபாடு எங்கே இருக்கிறது? சரக்கில் இல்லை, விகிதத்தில். அதே நான்கு டப்பா, அளவு வேறு, பொருள் வேறு.

இதை உங்களைத் தவிர யாருக்கு நான் இவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட முடியும்? லேபில் சிவப்பு, மஞ்சள், நீலம் என்று மூன்று பாட்டில் வைத்துக்கொண்டு, நூற்றுக்கு இத்தனை சதவீதம் என்று எழுதி, காக்கி வேண்டுமென்றால் காக்கி, மெரூன் வேண்டுமென்றால் மெரூன் என்று கொண்டுவருகிறீர்களே, அதைத்தான் அந்த மனிதர் எலும்புக்கும் ரத்தத்துக்கும் போட்டுப் பார்த்தார். அவர் போட்ட எலும்பு ரெசிபி தவறு. ஒரே லாட்டில் ஷேடு கிடைத்துவிட்டதா உங்களுக்கு? பொருட்களின் குணம் அவற்றிலுள்ள பங்குகளின் அளவில் இருக்கிறது என்ற எண்ணம் தவறு இல்லை. வேதியியல் பிறகு வந்து நின்றது அந்த எண்ணத்தின் மேல்தான். தம்பி, இது தெரிந்துகொண்டுமா அவ்வளவுதான் என்று எழுதுகிறீர்கள்?

என் அம்மா அரிசி கொழிப்பதைச் சிறு வயதில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். ரேஷன் அரிசி, பாதி கல். திண்ணையில் காலை நீட்டிக்கொண்டு, முறத்தை வட்டமாக ஒரு சுற்று, அப்புறம் முன்பக்கம் ஒரு தட்டு. தெருவில் போகிறவர்களோடு பேசிக்கொண்டே செய்வாள், கையைப் பார்க்க மாட்டாள். உமி முன்விளிம்புக்கு வரும், நொய் ஓரமாக ஒதுங்கும், கல் அடிப்பக்கம் தங்கும். யாரும் ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் போடாமல் அதுவாக எப்படிப் பிரிகிறது என்று கேட்டதற்கு, "இனம் இனத்தோட சேருது, வேறென்ன" என்றாள்.

பல ஆண்டுகள் கழித்து, கிரேக்கத்தில் அணுக்கொள்கை சொன்ன டெமாக்ரிடஸின் எச்சத் துணுக்கு ஒன்றைப் படித்தேன். புறா புறாவோடு சேர்கிறது, கொக்கு கொக்கோடு சேர்கிறது என்று தொடங்குகிறார். எந்த ஊரிலும் கிழவிகள் சொல்லக்கூடியதுதான். அடுத்த வரியில், உயிரில்லாதவற்றிலும் இப்படித்தான் என்று சொல்லிச் சல்லடைக்கு வருகிறார். சல்லடையைச் சுழற்றினால் பருப்பு பருப்போடும், வாற்கோதுமை வாற்கோதுமையோடும், கோதுமை கோதுமையோடும் ஒதுங்குகிறது. கடற்கரையில் அலை அடித்து அடித்து நீளக் கல் நீளக் கல்லோடும் உருண்டைக் கல் உருண்டைக் கல்லோடும் போய்ச் சேர்கிறது. யாரும் பிரிக்கவில்லை. சுழற்சி பிரிக்கிறது. அணுக்கள் வெளியில் சுழன்று ஒத்தது ஒத்ததோடு ஒதுங்கி உலகம் உண்டானது என்ற அவருடைய பெரிய கதைக்கு அச்சாணி இந்தச் சல்லடை. படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் இல்லை.

இதை ஒரு கல்லூரிக் கருத்தரங்கில் சொன்னேன். முறத்தையும் சேர்த்துச் சொன்னேன். தலைமை வகித்த பேராசிரியர் எழுந்து, மிகவும் சுவையான சமையலறைத் தத்துவம் என்று ஆங்கிலத்தில் சொன்னார். அரங்கம் சிரித்தது. நான் டீ குடித்துவிட்டு பஸ் ஏறினேன். அவருக்குச் சொல்ல வேண்டிய பதிலை அரிஸ்டாட்டிலே எழுதி வைத்திருக்கிறார், கையைப் பற்றிச் சண்டை போட்ட அதே நூலில். ஹெராக்ளிட்டஸைப் பார்க்க வெளியூர்க்காரர்கள் வந்தார்களாம். பெரிய ஞானி, எங்கே இருப்பார் என்று பார்த்தால் அடுப்படியில் உட்கார்ந்து குளிர்காய்ந்துகொண்டிருக்கிறார். வாசலில் தயங்கி நின்றார்கள். தைரியமாக உள்ளே வாருங்கள், இங்கேயும் தெய்வங்கள் உண்டு என்றாராம்.

சமையலறையை விடுவதாக இல்லை. ஹிப்போகிராட்டிஸ் பேரில் வழங்கும் நூல்களில் பழைய மருத்துவம் பற்றி ஒன்று இருக்கிறது. அதை எழுதியவர் யாரோ, எனக்கு அவர்மீது தனிப் பிரியம். மருத்துவம் எங்கிருந்து வந்தது என்றால் சமையலிலிருந்து வந்தது என்கிறார். கோதுமையை அப்படியே தின்றால் வயிறு கெடுகிறது என்று கண்டு நனைத்தார்கள், புடைத்தார்கள், அரைத்தார்கள், சுட்டார்கள். நல்ல உடம்பு தின்கிற ரொட்டியை நோயாளி தின்றால் நோய் கூடுகிறது என்று கண்டு கஞ்சி கொடுத்தார்கள், அதுவும் ஆகாதென்றால் வெறும் நீராகாரம். இப்படிப் பார்த்துப் பார்த்துச் சேர்த்த அறிவுதான் மருத்துவம் என்கிறார். கூடவே எம்பிடோக்ளிஸையும் பேர் சொல்லித் திட்டுகிறார். மனிதன் ஆதியில் எதிலிருந்து ஆனான் என்று எழுதுவதெல்லாம் ஓவியத்துக்கு உதவும், வைத்தியத்துக்கு உதவாது என்று. என் ஆள் ஒருவர் என் இன்னொரு ஆளை அடிக்கிறார், நான் யார் பக்கம் போவது? ஆனால் இப்படி அடித்துக்கொண்டதுதான் அழகு.

அடிமைகள் விஷயத்தை மூடிவிட்டுப் பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். ஏதென்ஸுக்குப் பக்கத்தில் லாரியோன் வெள்ளிச் சுரங்கங்களில் ஆயிரக்கணக்கான அடிமைகளைச் சாகடித்துத்தான் ஏதென்ஸ் பளபளத்தது. எழுத நேரம் கிடைத்தவர்களின் பெயர் நின்றது, நேரம் கிடைக்காதவர்களின் பெயர் போயிற்று. அந்த அளவுக்கு உங்கள் பேராசிரியர் சொன்னது சரி. சாமோஸ் தீவில் மலையைக் குடைந்து 1036 மீட்டர் நீளத்துக்குத் தண்ணீர்ச் சுரங்கம் போட்டிருக்கிறார்கள், கி.மு. 6-ஆம் நூற்றாண்டில், இரண்டு பக்கமிருந்தும் தோண்டி நடுவில் சேர்த்திருக்கிறார்கள். தலைமை ஏற்ற மெகாராக்காரர் யூபலினோஸின் பெயர் ஹெரோடோட்டஸ் எழுதியதால் தெரிகிறது. உளி பிடித்தவர்கள் யார்? எந்தக் கணக்கில் நேர் பிடித்தார்கள்? ஒரு வரியும் இல்லை. நான் சொல்வதெல்லாம், சிந்தனைக்கு நேரத்தை ஓய்வு தரலாம், சிந்திக்கச் சரக்கைத் தந்தது வேலை என்பதுதான்.

அந்தச் சரக்கை எப்போது கீழாகப் பார்க்கத் தொடங்கினார்கள் என்பதுதான் எனக்குத் தீராத விசாரம். சாக்ரட்டீஸின் மாணவர் ஜெனோஃபோன் எழுதிய உரையாடலில் சாக்ரட்டீஸ், நாள் முழுக்க உட்கார்ந்தும் நெருப்பின் பக்கத்திலும் செய்யும் தொழில்கள் உடம்பைக் கெடுக்கும், மனத்தையும் கெடுக்கும், நகரங்கள் அவற்றை மதிப்பதில்லை என்கிறார். பிளேட்டோவுக்குச் சாயத் தொழில் நன்றாகத் தெரியும். குடியரசு நூலில், சாயக்காரர்கள் முதலில் வெள்ளைக் கம்பளியாகத் தேர்ந்தெடுத்து, அதைப் பக்குவப்படுத்தி, அதன் பிறகே ஊதா ஏற்றுகிறார்கள், அப்படி ஏற்றினால் எந்தக் காரம் போட்டு அலசினாலும் போகாது என்று எழுதுகிறார். நீங்கள் ப்ளீச்சிங் போடுவதும் வாஷ் ஃபாஸ்ட்னஸ் பார்ப்பதும்தான் இது. ஆனால் எதற்காகச் சொல்கிறார்? படைவீரர்களுக்குக் கல்வியை எப்படி ஏற்றுவது என்று விளக்க. சாயக்காரர் உவமையாகிவிட்டார்.

டிமாயஸ் என்ற அவருடைய பிற்கால நூலில் நிறக் கலவையைப் பற்றி வருகிறது. சிவப்போடு கறுப்பும் வெள்ளையும் சேர்ந்தால் ஊதா என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வருகிறார். அளவு என்ன? அளவு தெரிந்தாலும் சொல்வது புத்திசாலித்தனமில்லை என்கிறார். முடிவில், இதையெல்லாம் யாராவது சோதித்துப் பார்க்கக் கிளம்பினால் அவன் மனித இயல்புக்கும் தெய்வ இயல்புக்கும் உள்ள வேறுபாடு தெரியாதவன், கலக்கவும் பிரிக்கவும் தெய்வத்தால்தான் முடியும் என்கிறார். எம்பிடோக்ளிஸ் எட்டில் நான்கு, எட்டில் இரண்டு என்று பாடி ஏறக்குறைய நூறு ஆண்டுதான் ஆகியிருந்தது. நிறத்தைக் கலந்து பார்க்காதே என்கிறார் பிளேட்டோ! ஏதென்ஸில் எத்தனை சாயத் தொட்டிகள் அப்போது கொதித்துக்கொண்டிருந்திருக்கும்? ஒரு நடை போய் எட்டிப் பார்த்திருக்கலாம். பிளேட்டோவின் மற்ற எல்லாவற்றையும் மன்னிப்பேன். கவிஞர்களை ஊரைவிட்டுத் துரத்தச் சொன்னதைக்கூட.

உங்களுக்குக் கோபம் வர வேண்டியது இங்கேதான். நீங்கள் என்ன செய்தீர்கள்? தொழிலைப் பற்றி இரண்டே வரி எழுதிவிட்டு, பேராசிரியர் சொன்னதைப் பெரிதாக எழுதி, மனசு விட்டுப்போனது என்கிறீர்கள். உங்களைத் தாழ்த்துவதற்கு அவர் தேவையே இல்லை, அந்த வேலையை நீங்களே நன்றாகச் செய்கிறீர்கள்.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருந்தீர்கள். வரிசை எல்லாம் வேண்டாம். தேலிஸை விட்டுவிடுங்கள், அவர் எழுதியது ஒரு வரியும் மிஞ்சவில்லை, மற்றவர்கள் சொன்ன கதைகள்தான். எம்பிடோக்ளிஸில் தொடங்குங்கள். அவருடைய துணுக்குகளில் ஒரு சிறுமி வெண்கலத்தில் செய்த நீர் மொள்ளும் குழாயை வைத்துக்கொண்டு விளையாடுவாள். மேல் வாயைக் கையால் பொத்தித் தண்ணீரில் அமுக்கினால் அடித் துளைகள் வழியாக நீர் ஏறாது, கையை எடுத்தால் ஏறும். உள்ளே இருக்கும் காற்று இடம் விட்டால்தான் நீருக்கு இடம். மூச்சு எப்படி வந்து போகிறது என்பதை அதை வைத்து விளக்குவார். அப்புறம் அந்தப் பழைய மருத்துவ நூல், நான்கைந்து நைட் ஷிஃப்டில் முடித்துவிடலாம். அப்புறம் அரிஸ்டாட்டில், ஆனால் மெட்டாஃபிசிக்ஸ் இப்போது வேண்டாம். விலங்குகளின் வரலாறு (History of Animals) என்ற அவருடைய இன்னொரு நூலில் ஆறாம் பகுதியைப் படியுங்கள். அடைகாத்த முட்டைக்குள் மூன்றாம் நாள் இதயம் ஒரு ரத்தப் புள்ளியாகத் துடிப்பதைக் கண்ணால் கண்டு எழுதியிருப்பார். பிளேட்டோவைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள், அதற்குள் அவரோடு சண்டை போடத் தெம்பு வந்துவிடும்.

துணுக்குகளின் ஆங்கிலத் தொகுப்பு என்னிடம் இரண்டு பிரதி இருக்கிறது. முகவரி அனுப்பினால் ஒன்றைக் கூரியரில் போடுகிறேன், செலவு என்னுடையது. பென்சிலில் ஓரங்களில் கிறுக்கியிருப்பேன். பெரும்பாலும் பிளேட்டோவைத் திட்டியது, பொருட்படுத்த வேண்டாம்.